பழைய பைக் எஞ்சினின் மேல்பாகம்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

ஹெட்டை, அதாவது சிலிண்டரின் மேல்மூடியை, கழற்றிய அடுத்த நிமிடமே பாதித் தடயம் போய்விடும். எந்த வால்வில் காற்று கசிந்தது, புகை எந்த நேரத்தில் வந்தது, சூடானதும் சத்தம் கூடியதா குறைந்ததா என்பதெல்லாம் எஞ்சின் முழுசாக இருக்கும்போதுதான் தெரியும். மேசைமேல் கிடக்கும் பிஸ்டனும் சிலிண்டரும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று காட்டும். ஏன் தேய்ந்தன என்று பெரும்பாலும் காட்டாது. அதனால் ஸ்பானரை எடுக்கும் முன் செய்யவேண்டிய சோதனைகளுக்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

பேசப்போவது காற்றில் குளிரும் பழைய நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினைப் பற்றி. இரண்டு ஸ்ட்ரோக் விஷயம் வரும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன். மேல்பாகம் என்பது கிராங்க்கேஸுக்கு (கிராங்க் சுழலும் அடிப்பெட்டி) மேலே இருப்பவை: சிலிண்டர், பிஸ்டன், ரிங் (பிஸ்டனைச் சுற்றிய வளையம்), ஹெட், வால்வு, ராக்கர் (வால்வை அழுத்தித் திறக்கும் நெம்பு). அளவுகள் எல்லாம் பொதுவாகப் பொருந்துபவை. உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகம் வேறு மாதிரி சொன்னால் புத்தகம் சொல்வதே சரி.

நீலப் புகை

நீலமாகப் புகைந்தால் ஆயில் எரிகிறது. நிறம் அதற்கு மேல் எதுவும் சொல்லாது. எப்போது புகைகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

இரவு முழுக்க நின்ற வண்டி, ஸ்டார்ட் ஆனதும் ஒரு தடவை புகைந்துவிட்டு அப்புறம் சுத்தமாக ஓடினால் சந்தேகம் வால்வு கைடு (வால்வின் தண்டு நகரும் குழல்) மேல். ராக்கர் அறையில் தேங்கிய ஆயில் தேய்ந்த கைடு வழியாக மெல்ல இறங்கியிருக்கும். இதே கோளாறு ஓட்டத்திலும் தன்னைக் காட்டிக்கொள்ளும். நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை மூடியபடி வந்து கீழே மறுபடி முறுக்கும்போது பின்னால் வருகிறவர் முகத்தில் புகை அடிக்கும். ஆக்ஸிலேட்டர் மூடியிருக்கும்போது இன்லெட் பக்கம் வெற்றிடம் அதிகம். அது கைடு வழியாக ஆயிலை உறிஞ்சிவிடுகிறது. பழைய எஞ்சின்கள் பலவற்றில் வால்வுத் தண்டுக்கு ரப்பர் சீலே கிடையாது. கைடு இறுக்கமாக இருந்தால்தான் ஆயில் நிற்கும்.

ஏற்றத்தில், பாரத்தோடு, முறுக்க முறுக்கப் புகை கூடினால் ரிங்கும் போரும் (சிலிண்டரின் உள்துளை). கூடவே ப்ரீதர் குழாயைக் கவனியுங்கள். ரிங்கைத் தாண்டி இறங்கும் எரிவாயு அங்கேதான் வெளியே வரும். குழாயில் சூடான புகையும் ஆயில் துப்பலும் இருந்தால் சந்தேகம் உறுதியாகிறது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஆயில் டேங்க் தனியாக உள்ள வண்டி (பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் இது அதிகம்) பல வாரம் நின்றுவிட்டு, ஸ்டார்ட் ஆனதும் தெருவே மறையும் அளவு புகைந்தால், ஹெட் பக்கமே போகவேண்டாம். டேங்கில் இருந்த ஆயில் பம்ப் வழியாக மெதுவாக ஒழுகிக் கிராங்க்கேஸில் நிறைந்திருக்கிறது. டேங்கில் ஆயில் குறைந்திருப்பதே இதற்குச் சாட்சி. குறைந்துவிட்டதே என்று மேலே ஊற்றிவிடாதீர்கள். கிராங்க்கேஸின் டிரெயின் பிளக்கைக் கழற்றி வடித்துவிட்டு, கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்து, அப்புறம் முடிவு செய்யுங்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே தேவையில்லாமல் ரீபோர் (போரைக் கடைந்து பெரிதாக்குவது) ஆன எஞ்சின்கள் நிறைய.

இரண்டு ஸ்ட்ரோக்கில் ஆயில் எரிவது இயல்பு. ஆனால் திடீரென்று அடர்த்தியான வெள்ளைப் புகை வந்து, கியர்பாக்ஸ் ஆயில் அளவும் குறைந்துகொண்டே போனால், கிளட்ச் பக்கத்து கிராங்க் சீல் போயிருக்கிறது. அதுவும் மேல்பாக வேலை இல்லை. கரும்புகை வந்தால் கார்பரேட்டர், சோக், ஏர் ஃபில்டர் என்று போங்கள்; எஞ்சினைத் தொடவேண்டாம்.

கிக்கர் லேசாக இறங்குகிறது, பிக்கப் இல்லை

கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுந்துவது, குறைந்திருக்கிறது. எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் காசில்லாத இரண்டு வேலை. ஒன்று, டீகம்ப்ரஸர் (கிக்கரை அடிக்க எளிதாக எக்ஸாஸ்ட் வால்வைச் சற்றுத் திறந்துவைக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் அதன் கேபிளில் கொஞ்சமாவது தளர்வு இருக்கிறதா பாருங்கள். கேபிள் இறுகியிருந்தால் எக்ஸாஸ்ட் வால்வு முழுசாக உட்காராது. இரண்டு, எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பின் டேப்பட் இடைவெளியை (ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே உள்ளது) அளந்து பாருங்கள். இடைவெளியே இல்லாத வால்வும் உட்காராத வால்வுதான்.

அதற்குப் பின்னும் குறைவாக இருந்தால் கம்ப்ரஷன் கேஜ். எஞ்சின் சூடாக இருக்கவேண்டும், ஆக்ஸிலேட்டரை முழுசாகத் திறந்து பிடிக்கவேண்டும், முள் ஏறுவது நிற்கும்வரை கிக்கரை அடிக்கவேண்டும். ஆக்ஸிலேட்டரை மூடிவைத்து அளந்துவிட்டு எஞ்சின் செத்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. காற்றே உள்ளே போகாமல் எதை அழுத்துவது? கிடைத்த எண்ணையும் வேதவாக்காக எடுக்கவேண்டாம். எஞ்சினின் கம்ப்ரஷன் விகிதம், கிக்கரை அடிக்கும் வேகம், கேஜின் தரம் எல்லாம் அதை மாற்றும். கேம்ஷாஃப்டிலேயே (வால்வுகளைத் திறக்கவைக்கும் சுழல்தண்டு) தானியங்கி டீகம்ப்ரஸர் இருந்தால் எண் எப்போதுமே குறைவாகத்தான் வரும். இரட்டைச் சிலிண்டரில் இரண்டையும் ஒப்பிடுவது மேல். 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் குறைந்த பக்கம் கோளாறு.

அடுத்து ஈரச் சோதனை. பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி, அதாவது சுமார் 5 மி.லி., எஞ்சின் ஆயிலை ஊற்றி மறுபடி அளக்கவேண்டும். எண் நன்றாக ஏறினால் ரிங் பக்கம் கசிவு. ஆயில் அதைத் தற்காலிகமாக அடைத்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வு, அல்லது ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் இடையே உள்ள அடைப்புத் தகடு). அளவுக்கு மேல் ஊற்றினால் எரியறையின் இடம் குறைந்து எண் தானே ஏறிவிடும். சோதனை பொய் சொல்லும்.

கம்ப்ரஸர் கிடைத்தால் இவை எல்லாவற்றையும்விட நல்ல வழி ஒன்று உண்டு. இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, பிளக் துளை வழியாகக் காற்றைச் செலுத்தி, எங்கே சீறுகிறது என்று காது கொடுப்பது. கார்பரேட்டர் வாயில் சீறினால் இன்லெட் வால்வு. சைலன்சர் முனையில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ப்ரீதரில் சீறினால் ரிங். ஹெட்டும் சிலிண்டரும் சேரும் இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, நுரை வந்தால் கேஸ்கட். ப்ரீதரில் கொஞ்சம் காற்று வருவது புது எஞ்சினிலும் உண்டு. வால்வு வழியாக வருவதுதான் மன்னிக்க முடியாதது. ஒரு எச்சரிக்கை: காற்றழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளும், கிக்கரும் கூடவே சுழலலாம். டாப் கியரில் போட்டு, பின் பிரேக்கை ஒருவர் அழுத்திப் பிடித்துக்கொள்ள, குறைந்த அழுத்தத்தில் ஆரம்பியுங்கள். கிக்கர் பக்கம் யாரும் காலை நீட்டவேண்டாம்.

குளிராக இருக்கும்போது ஓடுகிறது, சூடானதும் நின்றுவிடுகிறது

நின்ற அந்த நொடியே கிக்கரைக் கையால் அழுத்திப் பாருங்கள். வழக்கமான எதிர்ப்பு இருந்தால் மேல்பாகம் குற்றவாளி இல்லை. காயில், கண்டென்சர், பெட்ரோல் மூடியின் காற்றுத் துளை என்று தேடுங்கள். எதிர்ப்பே இல்லாமல் லேசாக இறங்கி, ஆறியதும் எதிர்ப்பு திரும்பி வந்தால், எக்ஸாஸ்ட் வால்வுக்கு இடைவெளி போதவில்லை. சூட்டில் தண்டு நீண்டு, வால்வு தன் சீட்டை (மூடும்போது அது உட்காரும் வளையம்) தொடாமல் நிற்கிறது.

இதைத் தள்ளிப்போடக் கூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை சீட்டைத் தொட்டுத்தான் இறக்கிவைக்கிறது. தொடாத வால்வு சிவக்கும், விளிம்பு கருகும், ஒருநாள் ஒரு கீற்று அளவுக்கு உதிர்ந்துவிடும். அதற்குப் பின் இடைவெளியைச் சரிசெய்து பலனில்லை.

இடைவெளியைச் சரியாக வைத்தும் சில நூறு கிலோமீட்டரில் அது மறுபடி குறைந்தால், வால்வு சீட்டுக்குள் புதைந்துகொண்டிருக்கிறது. பழைய பெட்ரோலில் இருந்த ஈயம் மென்மையான சீட்டின்மேல் ஒரு படலமாக உட்கார்ந்து அதைக் காத்தது. ஈயமில்லா பெட்ரோலில், அதுவும் நீண்ட நேரம் வேகமாக ஓட்டும்போது, அந்தக் காப்பு கிடையாது. கடினமான சீட் வளையம் பதிப்பதுதான் தீர்வு. அது லேத் பட்டறை வேலை, வீட்டில் செய்வதில்லை.

சத்தம்

நீண்ட ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதோரம் எலும்பில் வைத்து, முனையை எஞ்சினின் பல இடங்களில் வைத்துக் கேளுங்கள். சுழல்பவற்றிலிருந்து கையும் உடையும் தள்ளி இருக்கட்டும்.

மெல்லிய டிக் டிக், எஞ்சின் வேகத்தில் பாதி வேகம்: டேப்பட். சரிசெய்தும் போகவில்லை என்றால் ராக்கரின் நுனியைப் பாருங்கள். அங்கே சிறு பள்ளம் விழுந்திருந்தால் ஃபீலர் கேஜின் (இடைவெளி அளக்கும் கருவி) தகடு பள்ளத்தின் மேல் பாலம் மாதிரி நிற்கும். நீங்கள் வைத்தது 0.10 மி.மீ. என்று நினைப்பீர்கள், உண்மையில் 0.20 இருக்கும். எத்தனை தடவை சரிசெய்தாலும் சத்தம் போகாது. நுனியைத் தீட்டிச் சமன் செய்யவேண்டும், அல்லது மாற்றவேண்டும். இன்னொன்று, எல்லா எஞ்சினுக்கும் கேஜ் வைத்து இடைவெளி பார்ப்பதில்லை. பழைய இரும்பு சிலிண்டர் ராயல் என்ஃபீல்ட் புல்லட்டில், குளிர்ந்த நிலையில் புஷ் ராட் (கேமின் அசைவை ராக்கருக்குக் கொண்டுபோகும் கம்பி) விரலால் சுற்றும்படியும், மேலும் கீழும் ஆடாதபடியும் வைப்பதே முறை.

டேப்பட் சத்தம்போலவே ஏமாற்றுவது எக்ஸாஸ்ட் குழாய் ஹெட்டோடு சேரும் இடத்தில் கசிவு. அந்த இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருந்தால் முதலில் அதை இறுக்குங்கள்.

குளிரில் டொக் டொக் என்று காலியான சத்தம், சூடானதும் குறைகிறது: பிஸ்டன் போரில் தட்டுகிறது. குறைந்து மறைந்துவிட்டால் அவசரம் இல்லை, அடுத்த தடவை பிரிக்கும்போது அளந்துகொள்ளலாம். சூட்டிலும் அப்படியே இருந்தால் ரீபோர் நேரம் வந்துவிட்டது. இரட்டைத் தட்டலாக, ஐட்லிங்கில் கிலுகிலுப்பது பிஸ்டன் பின்னும் (பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் தண்டு) ஸ்மால் எண்ட் (ராடின் மேல்முனை) புஷ்ஷும். ஏற்றத்தில் மட்டும் உலோகமணி சிதறினாற்போலக் கேட்பது தேய்மானமே இல்லை. இக்னிஷன் அட்வான்ஸ் அதிகம், கலவை மெலிவு, அல்லது பிஸ்டன் தலையில் கரி. அதை அப்படியே விட்டால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும்.

கனமான குத்துச் சத்தம் கீழிருந்து வந்து, பாரத்தில் கூடினால் பிக் எண்ட் (கனெக்டிங் ராடின் கீழ்முனை பேரிங்). ஓட்டுவதை நிறுத்துங்கள். மேலே புது பிஸ்டன் போட்டு அதை மறைக்க முடியாது. கம்ப்ரஷன் கூடியதும் பிக் எண்ட் இன்னும் சீக்கிரம் போகும்.

ஓடும்போதே பிடித்து நின்றுவிட்டது

ஆறிய பின் சுழன்றாலும் பிரித்துத்தான் ஆகவேண்டும். பிஸ்டனில் உள்ள கீறல்கள் எங்கே விழுந்திருக்கின்றன என்பதைப் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், துடைக்கும் முன்பே.

பின்னின் இருபுறமும், நாலு மூலையிலும் கீறல் இருந்தால் பிஸ்டனுக்கும் போருக்கும் இடையே கிளியரன்ஸ் போதவில்லை, அல்லது எஞ்சின் சூடாகும் முன்பே முறுக்கியிருக்கிறார்கள். இரண்டு ஸ்ட்ரோக்கில் எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் கீறியிருந்தால் சூடு: மெலிந்த கலவை, தவறான இக்னிஷன், அல்லது எங்கோ காற்றுக் கசிவு. சுற்றிலும் வறண்டு உராய்ந்திருந்தால் ஆயில் போதவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புது பிஸ்டன் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

இரும்புப் போரில் அலுமினியம் ஒட்டியிருந்தால் உடனே ரீபோர் என்று முடிவெடுக்க வேண்டாம். நைசான உப்புத்தாளால் ஒட்டியதை மட்டும் மெல்ல எடுத்துவிட்டு அளந்தால், பல சமயம் போர் தப்பித்திருக்கும். ஆனால் முலாம் பூசிய அலுமினிய சிலிண்டரை (நிக்கசில் போன்றவை) ஒருபோதும் போர் செய்யக் கூடாது. முலாம் போனால், மறுபடி முலாம் பூசாமல் அந்த சிலிண்டர் உதவாது. காந்தம் ஒட்டவில்லை என்றால் அது இரும்பு லைனர் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, பிரித்தாயிற்று

சிலிண்டரைத் தூக்கத் தொடங்கியதும், பிஸ்டன் முழுசாக வெளியே வரும் முன்பே, கிராங்க்கேஸ் வாயில் சுத்தமான துணியைத் திணியுங்கள். உடைந்த ரிங் துண்டோ, பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் லாக் துள்ளியோ உள்ளே விழுந்தால் மேல்பாக வேலை முழு எஞ்சின் வேலை ஆகிவிடும். பிஸ்டன் பின் வரவில்லை என்றால் சுத்தியலால் அடிக்கவேண்டாம், கனெக்டிங் ராட் வளையும். இஸ்திரிப் பெட்டியைப் பிஸ்டன் தலைமேல் சற்று நேரம் வைத்தால் அலுமினியம் விரிந்து பின் விரலுக்கே வரும். கழற்றிய லாக்கைக் குப்பையில் போடுங்கள். புதியது சிறிய செலவு. பழையதைப் போட்டு அது கழன்றால் போரைக் கிழித்துவிடும்.

போர் கேஜ் இல்லாமலும் தேய்மானத்தை அளக்கலாம். புது ரிங் ஒன்றை, பிஸ்டனால் தள்ளி நேராக்கி, போரின் அடிப்பகுதியில் ரிங் போகாத இடத்தில் வைத்து வாய் இடைவெளியை ஃபீலரால் அளங்கள். பிறகு அதே ரிங்கை மேலே, ரிங் பயணத்தின் உச்சிக்குச் சற்றுக் கீழே வைத்து அளங்கள். இரண்டின் வித்தியாசத்தை 3.14 ஆல் வகுத்தால் மேலே போரின் விட்டம் எவ்வளவு கூடியிருக்கிறது என்று வந்துவிடும். கீழே 0.25, மேலே 0.56 என்றால் தேய்மானம் சுமார் 0.1 மி.மீ. வட்டம் நீள்வட்டமாகியிருப்பதை இந்த முறை காட்டாது. போர், பின்னுக்குக் குறுக்கான திசையில், அதாவது பிஸ்டன் சாய்ந்து அழுத்தும் பக்கத்தில் அதிகம் தேயும். அதற்கு உள்விட்டத்தை இரண்டு திசையிலும் அளக்கத்தான் வேண்டும். உச்சியில் விரல் நகம் தட்டும் அளவுக்குப் படி இருந்தால், அதன்மேல் புது ரிங் போட்டு ஓட்டினால் மேல் ரிங் அதில் மோதி உடையும்.

ரீபோர்தான் என்று முடிவானால் ஓவர்சைஸ் பிஸ்டனை முதலில் வாங்கி, அதையும் சிலிண்டரையும் சேர்த்துப் பட்டறையில் கொடுங்கள். பெட்டிமேல் அச்சிட்ட அளவை நம்பி போர் செய்யச் சொல்லக் கூடாது. பிஸ்டனை அளப்பது ஸ்கர்ட்டில் (பிஸ்டனின் கீழ்ப்பகுதி), பின்னுக்குக் குறுக்காக. பழைய வார்ப்புப் பிஸ்டனுக்கு விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கிளியரன்ஸ் என்பது பழைய கணக்கு: 70 மி.மீ. போருக்கு 0.07 மி.மீ. ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டன் கூடுதலாக விரியும், இன்னும் கொஞ்சம் வேண்டும். ரிங் வாய் இடைவெளி விட்டத்தில் 0.3 முதல் 0.4 சதவீதம், 70 மி.மீ.க்கு 0.21 முதல் 0.28. குறைவாக இருந்தால் அரத்தால் ராவலாம், வெளியிலிருந்து உள்ளே ஒரே திசையில். கொஞ்சம் கூடுதலாக இருப்பது தப்பில்லை. குறைவாக இருந்தால் சூட்டில் முனைகள் முட்டி ரிங் உடையும்.

ஹோன் செய்த (உரசுகல்லால் குறுக்குக் கோடு போட்ட) சிலிண்டரைப் பெட்ரோலால் மட்டும் கழுவுவது போதாது. கல்தூள் குறுக்குக் கோடுகளுக்குள் ஒட்டிக்கொண்டு நிற்கும். பாத்திரம் துலக்கும் சோப்பும் சுடுதண்ணீரும் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்து, உலர்த்தி, ஆயில் தொட்ட வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி சாம்பல் நிறமானால் மறுபடி. சுத்தமானதும் உடனே ஆயில் பூசவேண்டும், இல்லையென்றால் கண்முன்னே துரு பிடிக்கும். வீட்டில் செய்யும் வேலையில் அதிகம் அவசரப்படுத்தப்படுவது இந்தக் கழுவல்தான்.

ஹெட்டில், வால்வைச் சற்று வெளியே இழுத்துப் பக்கவாட்டில் ஆட்டினால் கைடின் தேய்மானம் விரலுக்கே தெரியும். கைடு மாற்ற ஹெட்டை அடுப்பில் 150 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சீராகச் சூடாக்கவேண்டும். குளிர்ந்த ஹெட்டில் அடித்தால் துளை கிழியும். புதுக் கைடு போட்டால் சீட்டையும் மறுபடி வெட்டியே ஆகவேண்டும், ஏனென்றால் வால்வின் மையம் நகர்ந்திருக்கும். பேஸ்ட் வைத்து உரசுவது கடைசி மெருகு மட்டுமே. கருகிய வால்வை அதனால் காப்பாற்ற முடியாது. உரசியபின் சீட்டில் 1 முதல் 1.5 மி.மீ. அகலத்தில் இடைவெளி விடாத ஒரு மங்கலான வளையம் தெரியவேண்டும். வால்வையும் ஸ்பிரிங்கையும் பூட்டி, பிளக்கைப் போட்டு, எரியறையில் மண்ணெண்ணெய் ஊற்றிச் சில நிமிடம் விடுங்கள். போர்ட்டில் (வால்வுக்குப் பின்னுள்ள வழி) ஈரம் தெரியக் கூடாது.

ஹெட்டின் முகத்தைத் தடிமனான கண்ணாடிமேல் வைத்து 0.05 மி.மீ. ஃபீலர் நுழைகிறதா பாருங்கள். நுழைந்தால், கண்ணாடிமேல் 400 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரோடு வைத்து எட்டு போடுவதுபோல் உரசிச் சமன் செய்யலாம். செம்பு கேஸ்கட் என்றால் மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கித் தண்ணீரில் போட்டால் மறுபடி மென்மையாகும். கருமையைத் தேய்த்தெடுத்துவிட்டுப் பூட்டலாம்.

கூட்டியதும் ஸ்டார்ட் ஆகவில்லை

இனிமேல் வரும் அறிகுறிகளுக்குச் சந்தேகப்பட வேண்டிய ஆள் மாறுகிறார். தேய்மானம் இல்லை, கைவேலை.

பிளக் போடும் முன்பே எஞ்சினை ஸ்பானரால் மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்றவேண்டும். எங்காவது கெட்டியாக முட்டினால் வலுக்கட்டாயம் வேண்டாம். வால்வு பிஸ்டனைத் தொடுகிறது: பிஸ்டன் முன்பின் திரும்பியிருக்கலாம், கேம் செயின் ஒரு பல் தள்ளியிருக்கலாம். புது வகைப் பிஸ்டன் போட்டிருந்தால் அதன் தலையில் களிமண் வைத்துச் சுற்றி, மறுபடி ஹெட்டைத் தூக்கி, களிமண்ணின் தடிமனைப் பார்ப்பது நல்லது. இன்லெட்டுக்கு 1.5, எக்ஸாஸ்ட்டுக்கு 2 மி.மீ.யாவது மிச்சம் இருக்கவேண்டும்.

கிக்கர் லேசாக இறங்கினால்: புஷ் ராட் கிண்ணத்தில் உட்காராமல் ஓரத்தில் நிற்கிறது, இன்லெட்டும் எக்ஸாஸ்ட்டும் இடம் மாறிவிட்டன, அல்லது டேப்பட் இறுக்கம். உலர்ந்த புதுப் போரில் ரிங் இன்னும் படியாததால் கம்ப்ரஷன் சற்றுக் குறைவாகத் தெரிவதும் உண்டு. நாலைந்து சொட்டு ஆயில் விட்டால் பிடித்துக்கொள்ளும். எதிர்ப்பு நன்றாக இருந்தும் பிடிக்காவிட்டால் மேல்பாகத்தை விட்டுவிட்டு ஸ்பார்க்கையும் டைமிங்கையும் பாருங்கள்.

ஓடுகிறது, ஆனால் புகை நிற்கவில்லை

முதல் சில நிமிடம் புகைவது கூட்டும்போது பூசிய ஆயில். அரைமணி நேர ஓட்டத்துக்குப் பிறகும் இருந்தால் மூன்று சாத்தியம். இரண்டாம் ரிங் தலைகீழ்: எழுத்துப் பொறித்த பக்கம் மேலே இருக்கவேண்டும், மாறினால் அது ஆயிலைச் சுரண்டி மேலே தள்ளும். மூன்று துண்டு ஆயில் ரிங்கில் நெளிவான நடுத்துண்டின் முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. அவை முட்டி நிற்கவேண்டும், ஏறக் கூடாது. மூன்றாவதுதான் அதிகம்: ரிங் படியவில்லை. புது எஞ்சினை அன்பாக நடத்துகிறோம் என்று ஐட்லிங்கில் நீண்ட நேரம் விட்டால், ரிங்குக்குப் பின்னால் அழுத்தம் போதாமல், போர் கண்ணாடி மாதிரி வழுக்கலாகிவிடும். ஸ்டார்ட் ஆகி ஆயில் ஓட்டம் உறுதியானதும் ரோட்டுக்குப் போங்கள். நடுத்தர பாரத்தில் முறுக்குவதும் விடுவதுமாக ஓட்டுங்கள். உச்ச வேகமும் வேண்டாம், உயர் கியரில் இழுக்கவிடவும் வேண்டாம். இந்தக் காலத்துக்குச் சாதாரண மினரல் ஆயில்தான் நல்லது, சின்தெடிக் வேண்டாம். முதல் 100 கிலோமீட்டர் வாக்கில் ஆயிலை மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே வழுக்கலாகிவிட்டால் ஓட்டிச் சரிசெய்ய முடியாது. மறுபடி ஹோன் செய்து புது ரிங் போடவேண்டும்.

கூட்டியபின் மேலே கடகட

உடனே நிறுத்தி, டேப்பட் மூடியைத் திறந்து ராக்கருக்கு ஆயில் வருகிறதா பாருங்கள். சிலிண்டர் அடிக் கேஸ்கட்டில் ஆயில் துளை உள்ள எஞ்சின்களில் கேஸ்கட்டைத் திருப்பிப் போட்டாலோ, சீலன்ட்டை அள்ளிப் பூசினாலோ அந்தத் துளை அடைந்துவிடும். கீழே எல்லாம் ஆயிலில் குளிக்கும், மேலே கேம் வறண்டு ஓடும். இந்த நிலையில் சில நிமிட ஓட்டமே ராக்கரையும் கேமையும் கெடுக்கப் போதும். ஆயில் வந்தால், முதல் சூட்டுக்குப் பின் டேப்பட் மாறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஆயில் கசிகிறது

எங்கிருந்து என்று கண்டுபிடிக்க, எஞ்சினை முழுசாகத் துடைத்து உலர்த்தி, டால்கம் பவுடர் தூவி, கொஞ்சம் ஓட்டிப் பாருங்கள். ஈரம் முதலில் தோன்றும் இடமே மூலம். காற்று ஆயிலைப் பின்னோக்கி அடித்துப் பரப்பிவிடுவதால் மற்ற இடங்களை நம்ப முடியாது. ஒரே இடம் என்றால் அந்த கேஸ்கட், அல்லது புஷ் ராட் குழாயின் ரப்பர். ஒரே சமயத்தில் நாலு இடத்தில் என்றால் கேஸ்கட்டுகளை விட்டுவிட்டு ப்ரீதரைப் பாருங்கள்; அது அடைந்திருந்தால் கிராங்க்கேஸ் அழுத்தம் எந்த இணைப்பையும் விட்டுவைக்காது.

ஹெட் இணைப்பில் கசிந்தால் நட்டை மட்டும் இன்னும் இறுக்குவதில் அர்த்தமில்லை. முதல் சூட்டுக்குப் பின் எஞ்சின் முழுசாகக் குளிர்ந்ததும், குறுக்கு வரிசையில், புத்தகத்தில் உள்ள டார்க் அளவுக்கு மறுபடி இறுக்கவேண்டும். ஹெட் கீழே அமுங்கும்போது டேப்பட் இடைவெளியும் மாறும், அதையும் உடனே பார்த்துவிடுங்கள். இறுக்கும்போது ஏதாவது ஒரு நட்டு இறுகாமல் சுற்றிக்கொண்டே போனால் நிறுத்துங்கள். ஸ்டட் அலுமினியத்திலிருந்து மரையைப் பிடுங்கிக்கொண்டு வருகிறது. அந்தத் துளைக்கு மரை இன்சர்ட் போடாமல் எந்த கேஸ்கட்டும் அங்கே நிற்காது.